புகைப்படக் கலைஞர் எட்வர்டு வெஸ்டன்

ஓவியன் தன் உள்ளத்தெழுந்த உருவத்தைத் துணியின்மீது தீட்டுகின்றான். சிற்பி கல்லினின்றும் அதனைச் செதுக்கி எடுக்கின்றான். புகைப்படப் பெட்டியோ தன்முன் நிற்பதைப் பதிவதன்றிப் பிறிதொன்றும் அறியாது. ஆகலின் அதன் தொழிலைக் கலையெனக் கொள்ளுதல் கூடுமோ என்னும் ஐயம் அப்பெட்டி தோன்றிய நாள்தொட்டே உண்டு. இவ்வையத்தோடு நாற்பத்தாறு ஆண்டுகள் போராடியவர் ஒருவர் வரலாற்றை ஈண்டுச் சுருக்கிக் கூறப் புகுகின்றோம்.

எட்வர்டு வெஸ்டன் அமெரிக்க ஐக்கிய நாடுகளில், இல்லினாய்ஸ் மாகாணத்து ஹைலண்டு பார்க் என்னும் ஊரில் 1886-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் மருத்துவர். ஐந்து வயதில் தாயை இழந்த இவரைத் தமக்கையார் வளர்த்தனர். 1902-இல் தந்தையார் ஒரு சிறு கோடக் பெட்டியை வாங்கித் தந்தார். அதன்பின் பள்ளிப் பாடங்கள் இவர் உள்ளத்திற் பின்னிடம் பெற்றன என்பது மாணாக்கராகிய நமக்கு வியப்பளிப்பதன்று. 1906-இல் கலிபோர்னியா சென்று, வீடுதோறும் ஏறியிறங்கிப் படம்பிடித்துப் பொருளீட்டினார். 1911-இல் டிராப்பிக்கோ என்னும் ஊரில் தமக்கென ஒரு படநிலையம் அமைத்தார்.

அந்நாளிற் புகைப்படக்காரர் பலர் தம் படங்கள் ஓவியம்போலத் தோன்றவேண்டுமென விழைந்து, பனிப்படலம் போர்த்தாற்போல அவற்றை மங்கச் செய்தனர். வெஸ்டனும் அவ்வழியே நின்று பரிசில் பல பெற்றார். ஆனால், 1922-இல் ஒஹையோ மாகாணத்து மிடில்டவுன் நகரின் எஃகு ஆலைப் புகைபோக்கிகளைக் கூரிய தெளிவோடு படம்பிடித்தபின், பழைய மங்கலில் அவருக்கு மனம் செல்லவில்லை. புகழ் தந்த வழியையே கைவிட்டார். மறுவருடம் மெக்சிக்கோவுக்குப் புறப்பட்டார். மனையாளும் இளமைந்தர் மூவரும் கலிபோர்னியாவில் நிற்க, மூத்த மைந்தனையும் டீனா மொடோட்டி என்னும் பெண்ணையும் உடன்கொண்டு சென்றார். கலைக்காக என்று கூறி இதனைப் பொறுப்பார் உளர். நாம் அதற்கு உடன்படோம். அவர்தம் இல்லற வரலாற்றை இதற்குமேல் விரிக்கவும் விரும்பவில்லை.

1926-இல் மெக்சிக்கோவினின்றும் திரும்பிய பின்னரே அவர்தம் சிறந்த காலம் தொடங்கிற்று. ஹென்ரியெட்டா ஷோர் என்னும் ஓவியப் பெண்மணி வரைந்த கிளிஞ்சல்களைக் கண்டு, 1927-இல் தாமும் நாட்டிலசுச் சங்கினைக் கருந்திரைமுன் நிறுத்திப் படம்பிடிக்கலானார். ஒளி குறைந்த அறையில் ஒரு பதிவுக்குச் சிலவேளை மணிக்கணக்காயிற்று. வீட்டில் யாரேனும் அழுத்தி நடப்பினும் சங்கு அசையும், உழைப்பெல்லாம் வீணாகும்.

1929-இல் கடற்கரையூராகிய கார்மெலிற் குடியேறிக் குடமிளகாயை எடுத்துக்கொண்டார். வெண்டுணியின்முன்னும் அட்டையின்முன்னும் வைத்துப் பார்த்தும் உள்ளம் அமையவில்லை. 1930-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஒரு தகரப் புனலைக் கிடத்தி, அதன் வாயினுள் ஒரு காயை வைத்தார். மேலிருந்து விழுந்த ஒளி புனலின் உட்புறத்தே பட்டுத் திரும்பிக் காயின் மடிப்புகளிலெல்லாம் மெல்லெனப் படர்ந்தது. குடமிளகாய் முப்பதாம் எண் எனப் புகழ்பெற்ற படம் அதுவே. மாதிரியாக அமர்ந்த காய்கள் பின்னர் உணவாயின என்பது கூறத்தக்கது. வறுமைக்கு அணித்தாய் வாழ்ந்த வீட்டில் அஃது இயல்பே.

அப்படத்தைக் காண்போர் முதுகு வளைத்த மல்லன் என்பர். தழுவி நிற்கும் இருவர் என்பர். வெஸ்டனுக்கு இவ்வுவமைகள் பிடிக்கவில்லை. காயைக் காயாகவே, ஆயின் அதன் முழு இயல்பும் புலப்படக் காட்டுதலே தம் நோக்கமென அவர் வாதாடினார். நாம் இருதிறத்தாரையும் மறுக்கவில்லை. உவமை தோன்றுதல் கண்டோர் உள்ளத்தின் செயல். அதற்கு இடந்தந்தது கலைஞர் செய்த ஒதுக்கீடு. சூழலை அகற்றி, அளவு அறிவிக்கும் பிற பொருள்களை நீக்கி, பொருளை அண்மையிற் காட்டினார். 1931-இற் பிடித்த முட்டைக்கோசு இலை, நரம்புகளோடு கீழ்நோக்கி வழியும் பட்டாடையாய்த் தோன்றுவதும் இதனாலேயே. ஆனால் இலையில் ஒரு கோட்டையேனும் அவர் மாற்றினாரல்லர். எட்டங்குலமும் பத்தங்குலமும் உள்ள பெரிய படத்தகட்டைத் தாளோடு ஒட்டவைத்தே அச்சிட்டார், பெருக்குதலும் இல்லை.

கார்மெலுக்குத் தெற்கே பாயிண்டு லோபோஸ் என்னும் கடன்முனை உளது. அலையரித்த பாறை, சுருண்ட கடற்பாசி, காற்றால் முறுகிய சைப்பிரஸ் வேர் ஆகிய இவற்றை ஆண்டுக்கணக்காக அவர் அங்குப் பதிந்தார். அப்பாறைப் படங்கள் சிலவற்றில் ஒரு சாணளவு கல் மலைத்தொடரோ என ஐயுறுமாறு நிற்கும். 1936-இல் ஒசியானோ மணற்குன்றுகளைப் படம்பிடித்தார். அங்கும் ஒளியும் நிழலும் வகுத்த கோடுகளே மிஞ்சின.

1932-இல் ஆன்சல் ஆடம்ஸ், இமோஜன் கன்னிங்காம் முதலியோருடன் எஃப் 64 என்னும் குழுவிற் சேர்ந்தார். வில்லையின் துளையை மிகச் சுருக்கினால் அண்மையும் சேய்மையும் ஒருங்கே தெளிவுறும்; அத்துளையளவின் பெயரையே குழுவிற்கு இட்டனர். 1937-இல் குக்கன்ஹைம் உதவித்தொகை இவர்க்குக் கிடைத்தது. அதனைப் பெற்ற முதற் புகைப்படக்காரர் இவரே. 1946-இல் நியூயார்க்கின் நவீனக் கலைக்கூடம் இவர் படங்களைத் தொகுத்துக் காட்டிற்று.

அதற்குள் பார்க்கின்சன் என்னும் நடுக்குநோய் இவரைப் பற்றிக்கொண்டது. மணிக்கணக்காகச் சங்கொன்று அசையாதிருக்கக் காத்தவர்க்குத் தம் கையே அசையலாயிற்று. 1948-இற் பாயிண்டு லோபோஸிற் கடைசிப் படத்தைப் பிடித்தார். பின்னர்த் தந்தையார் அமர்ந்து நோக்க, மைந்தர் பிரெட்டே அவர்தம் படங்களை அச்சிட்டார். கருமை ஈண்டுக் குறைந்தது, ஆண்டு மிகுந்தது எனத் தேர்ந்து கூறுதல் மட்டும் முதியவர் தொழிலாயிற்று. இவ்வாறு 800க்கு மேற்பட்ட தகடுகள் மறுபடி அச்சேறின.

1958-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் வெஸ்டன் தம் இல்லத்தில் உயிர்நீத்தார். அவர் சாம்பலைப் பாயிண்டு லோபோஸிற் பசிபிக் கடலில் தூவினர். அக்கரை இன்று வெஸ்டன் கடற்கரை என வழங்குகின்றது.