கலம் செலுத்திய பெருமகனார் வால்சந்த் ஹீராசந்த்

சமணப் பெருமக்களுள் கல்வியாலும் கொடையாலும் புகழ்பெற்றோர் பலர். கடலிற் கலம் செலுத்திப் புகழ்பெற்ற ஒருவரை இவ்விதழில் நாம் நினைவுகூர விழைகின்றோம். அவரே சேட் வால்சந்த் ஹீராசந்த்.

குஜராத்திலிருந்து சோலாப்பூரில் குடியேறிய திகம்பர சமண வணிகக் குடும்பத்தில் 1882ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் அவர் பிறந்தார். குலத்தொழிலான பருத்தி வாணிகத்தில் மனம் ஒட்டாமல், பாடக் என்னும் நண்பருடன் கூடி இருப்புப்பாதை ஒப்பந்தப் பணிகளை மேற்கொண்டார்.

முதல் உலகப்போர் எண்ணற்ற கப்பல்களை விழுங்கியது. எஞ்சியவற்றின் ஏற்றுக்கூலி பன்மடங்கு உயர்ந்தது. அவ்வேளையில், போரில் மருத்துவமனைக் கப்பலாகப் பயன்பட்ட லாயல்டி என்னும் நீராவிக் கப்பலை, குவாலியர் மன்னர் சிந்தியாவிடமிருந்து நரோத்தம் மொரார்ஜி முதலிய நண்பர்களுடன் சேர்ந்து வாங்கினார். சிந்தியா கப்பல் நிறுவனம் பிறந்தது. 1919 ஏப்ரல் 5ஆம் நாள் அக்கப்பல் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. வால்சந்தும் அதிற் பயணம் செய்தார். 1964 முதல் அந்நாள் தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

ஆனால் உலக வாணிகம் விரைவில் திசை மாறிற்று. புதிய கப்பல்கள் பெருகின, சரக்குக் குறைந்தது, ஏற்றுக்கூலி சரிந்தது. லாயல்டி 1923இல் உடைக்கப்பட்டது. வால்சந்த் பெருங்கடலை விட்டுக் கரையோர வாணிகத்திற்கும், பர்மா அரிசியை ஏற்றிவரும் பணிக்கும் திரும்பினார். அங்கும் ஆங்கிலக் கப்பல் நிறுவனங்கள் வழிமறித்தன. தமக்கே தொடர்ந்து சரக்குத் தரும் வணிகருக்குக் கூலியில் ஒரு பகுதியைச் சில திங்கள் கழித்துத் திருப்பித் தருவது அவற்றின் வழக்கம். இடையில் வேறு கப்பலை நாடினால் அத்தொகை கிட்டாது. இம்முறை வணிகரைக் கட்டிப்போட்டது. கூலிக் குறைப்பும் சேர்ந்துகொண்டது. நம் வ.உ. சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் நிறுவனம் கட்டணப் போட்டியில் நொடிந்ததை நாம் அறிவோம்.

நிறுவனத்தை விலைக்குக் கேட்டார் இஞ்ச்கேப் பிரபு. பங்குதாரர் இசையவில்லை. முடிவில் 1923இல் பத்தாண்டு உடன்படிக்கை ஏற்பட்டது. சிந்தியா நிறுவனம் 75,000 டன் கப்பல்களோடும் கரையோரச் சரக்கோடும் அடங்கி நிற்க வேண்டியதாயிற்று. இது தோல்வியா எனக் கேட்கலாம். அன்று என்பதே எம் கருத்து. உயிரோடு நின்றதனாலன்றோ பின்னர் அந்நிறுவனம் வளர முடிந்தது! 1941இல் விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டும் தளத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. அங்குக் கட்டிய ஜல உஷா என்னும் கப்பலை 1948 மார்ச்சு 14இல் நேரு கடலிற் செலுத்தினார். விடுதலைக்குப் பின் கரையோர வாணிகம் இந்தியக் கப்பல்களுக்கே உரியதாக்கப்பட்டது. 1953 ஏப்ரல் 8ஆம் நாள் வால்சந்த் மறைந்தார். அவர் வளர்த்த சிந்தியா நிறுவனமும் 1980களில் கடன் சுமையால் நலிந்தது.

இன்று கொள்கலன் கப்பல்களின் காலம். 2021இல் பெருந்தொற்றால் வானளாவிய ஏற்றுக்கூலி அடுத்த ஆண்டே சரிந்தது. 2023இன் இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் எழவே, பல கப்பல்கள் சூயசு கால்வாயை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிச் சென்றன. உயர்ந்த கூலியை நம்பி வாங்கிய கலம் தாழ்ந்த கூலியிலும் மிதக்க வேண்டும். அன்று வால்சந்த் கற்ற பாடம் இதுவே. பன்னிரு சிந்தனைகளுள் நிலையாமையை முதலில் வைத்தனர் நம் ஆசிரியர்கள். செல்வம் நிலையாதென உணர்ந்தும் முயற்சியைக் கைவிடாத அப்பெருமகனாரின் வாழ்வை நம் இளைஞர் அறிந்து போற்றுவாராக.