காப்டன் பிரான்சுவா மிங்கோ

உலகிற் பெரியனவாகத் தோன்றுவன யாவும் பெரிய கருவிகளாலேயே ஆயின என்று எண்ணுதல் பொருந்தாது. பெருந்தேரின் ஓட்டம் சிறியதோர் அச்சாணியைப் பற்றி நிற்கின்றது. வீணையின் சுருதி ஒரு முறுக்காணியின் திருப்பத்தைப் பற்றி நிற்கின்றது. அவ்வாறே, பில்லியர்ட் என்று வழங்கும் மேசைப் பந்தாட்டத்தின் நுட்பமனைத்தும், ஆடுவோர் கையிலுள்ள கோலின் முனையில் ஒட்டப்பெற்ற, விரல் நகத்தளவினதாகிய ஒரு தோல் வில்லையைப் பற்றி நிற்கின்றன. அவ்வில்லையை ஆட்டத்திற்கு உரியதாகச் செப்பஞ் செய்து உலகிற்கு அளித்தவர் பிரான்சு தேசத்துக் காலாட்படைத் தலைவர் ஒருவர். அவர் சரித்திரத்தைச் சுருக்கமாக ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

இதனை நம் மாணவர்க்கு எடுத்துக் கூறுதற்குக் காரணம் உண்டு. செங்கற்பட்டு மாவட்டத்துச் சிறுசேரியிலும், அதன் வழியே மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் பழைய பெருவழியின் இரு மருங்கிலும், வயலும் ஏரியுமாய்க் கிடந்த நிலங்களின் நடுவே கணினித் தொழிற்கூடங்களும் அடுக்கு மாளிகைகளும் இக்காலத்து எழுந்துள்ளன. அவற்றில் வேலை முடித்த இளைஞர் கூடிப் பொழுதுபோக்கும் அறைகளில், ஆறு பைகளையுடைய பந்தாட்ட மேசையொன்று கிடத்தல் அரிதன்று. அங்கே கோல் எடுப்போர் பலர். அக்கோலின் முனையை நோக்குவோர் சிலர். அம்முனை யாரால் வந்தது என்று வினவுவோரோ மிகச் சிலர்.

மிங்கோ 1771ஆம் ஆண்டில், பிரான்சின் தென்பாகத்தில் நீம் நகரை அடுத்த ல காயிலார் என்னும் ஊரிற் பிறந்தார். அவர் வாலிபப் பருவம் எய்தியபோது அத்தேசம் பெருங் கொந்தளிப்பில் மூழ்கியிருந்தது. 1789இல் புரட்சி தொடங்கிற்று. 1793இல் அரசன் தலை கொய்யப்பட்டான். பின்னர் நெப்போலியன் தலையெடுத்தான். இத்தகைய காலத்தில் மிங்கோ படையிற் சேர்ந்து காப்டன் என்னும் பதவியை அடைந்தார். பின்னர் அரசியல் காரணம்பற்றிச் சிறைப்பட்டார். அவர் அடைக்கப்பெற்ற இடம் பாரிசு மாநகரின் தென்புறத்துள்ள பிசேத்ர் என்பது.

பிசேத்ர் என்னும் பெயரைக் கேட்ட அளவில் அந்நாட்டார் நடுங்குவர். அது சிறைச்சாலையும், பித்தர் காப்பகமும், ஏழை முதியோர் விடுதியும் ஒருங்கே அமைந்த பெருங் கட்டடமாகும். தலை கொய்யும் பொறியாகிய கில்லட்டின், மக்கள் முன்னிலையில் நிறுத்தப்படுதற்கு முன், 1792ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அங்கேதான் பிணங்களின்மேல் வைத்துச் சோதிக்கப்பட்டது. 1793இல் அங்கு வைத்தியராக வந்த பினெல் என்பவர், பித்தரையும் மனிதராக நடத்தல் வேண்டும் என்னும் கொள்கையைக் கண்காணிப்பாளர் புசின் என்பவரோடு சேர்ந்து அவ்விடத்திலேயே வளர்த்தார். கொடுமையும் இரக்கமும் ஒரே மதிலுக்குள் வாழ்ந்த அவ்விடத்தில் மிங்கோவுக்கு ஒரே ஆறுதல் கிடைத்தது. அங்கிருந்த பில்லியர்ட் மேசையில் ஆடும் வாய்ப்பு அவருக்கு வாய்த்தது என்பர்.

அக்காலத்து ஆட்டத்தின் நிலையை இங்கே சிறிது விளக்குதல் வேண்டும். முற்காலத்தார் பந்தைத் தாக்குதற்கு மேஸ் என்னும் கருவியைக் கையாண்டனர். அது நீண்ட காம்பும் அகன்ற தலையும் உடையது. பந்து மேசையின் ஓரத்தை ஒட்டிக் கிடக்குங்கால் அவ்வகன்ற தலை இடம் பெறாமையின், கருவியைத் திருப்பி அதன் காம்பினாற் குத்துவாராயினர். காம்பின் நுனிக்கு வால் என்னும் பொருளில் பிரெஞ்சியர் வழங்கிய சொல்லே இன்று நாம் கூறும் கியூ என்பதாயிற்று. ஆயினும் அந்நுனி வெறும் மரமே. மரம் வழவழப்பானது; பந்தும் வழவழப்பானது. பந்தின் நடுவைத் தவறாது தொட்டால் அது நேரே செல்லும். நடுவினின்றும் சிறிது விலகினாலோ கோல் வழுக்கும். சிலர் கோலின் நுனியைச் சுண்ணாம்புச் சுவரில் திருகித் தூள் ஏற்றிக்கொண்டு ஆடினர். ஆகவே, எத்துணைக் கைத்திறம் உடையவனாயினும் பந்தை நேரே ஓட்டுவதன்றிப் பிறிதொன்றுஞ் செய்தல் அரிதாயிருந்தது.

மிங்கோ இக்குறையைச் சிறைக்குள்ளிருந்தே ஆராய்ந்தார். குற்றம் ஆடுவோன் கையில் இல்லை, கை பந்தைத் தொடும் இடத்திலேயே உள்ளது என்பது அவருக்கு விளங்கிற்று. கோலின் நுனியில் சிறியதொரு தோல் வில்லையை ஒட்டிப் பார்த்தார். பழைய குதிரைச் சேணத்தின் வாரினின்றும் அத்தோலை அறுத்தார் என்று ஒரு கதை வழங்குகின்றது. தோல் மரத்தைப்போல் வழுக்குவதன்று. பந்தைத் தொட்ட கணத்தில் சிறிதே அமுங்கிப் பற்றிக்கொள்ளும். அதன் மேற்புறத்தைக் கவிகையாக உருட்டிவிட்டால், பந்தின் நடுவை விட்டு மேலோ கீழோ பக்கத்திலோ தொட்டாலும் அந்தக் கவிகையின் ஏதேனும் ஓரிடம் செவ்வையாகப் படியும். இந்த இரண்டு குணங்களாற் கோல் பந்துக்குச் சுழற்சி தர வல்லதாயிற்று. கீழே தொட்டால், முன் சென்று மற்றொரு பந்தை மோதிய பந்து பின்னோக்கி மீளும். மேலே தொட்டால் மோதிய பின்னும் தொடர்ந்து ஓடும். பக்கத்தில் தொட்டால் மேசையின் விளிம்பிற் பட்டு எதிர்பாராத் திசையிற் திரும்பும்.

தண்டனைக் காலம் முடிந்தபோது, தம் ஆராய்ச்சி நிறைவுறும் வரை இன்னுஞ் சிலகாலம் சிறையிலேயே இருக்க மிங்கோ விடைகேட்டார் என்று ஆட்டக்காரர் இன்றும் சொல்வர். கதையாயினும் அதனுட் கருத்து ஒன்றுளது. விடுதலைக்கு ஏங்குதல் எல்லார்க்கும் எளிது. சிறைப்பட்ட நாளைப் பயன்படுத்துதல் சிலர்க்கே கூடும். 1908ஆம் ஆண்டில் சிறை புகுந்த நம் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள், கோயம்புத்தூரிற் செக்கிழுத்த துன்பத்தின் நடுவிலும் சிறையிருந்த காலத்தை நூல் மொழிபெயர்ப்பிற் செலவிட்டார்கள் என்பதை நாம் அறிவோம். மிங்கோவின் பொருள் விளையாட்டே. அதனை அப்பெரியாரின் தொண்டோடு ஒப்பிடுகின்றோமல்லோம். அடைபட்ட அறையிலும் மனம் தொழில் செய்யும் என்பதற்கே இதனைக் கூறினோம்.

1807இல் மிங்கோ வெளிப்போந்து தம் புதுக் கோலுடன் மக்கள் முன்னிலையில் ஆடலானார். பந்து முன்னே சென்று பின்னே மீளுவதைக் கண்டோர் வியந்தனர். பேய் புகுந்த பந்து என அஞ்சினர் என்றும் கூறுவர். கோலை ஏறக்குறைய செங்குத்தாக நிறுத்திக் குத்தினால் பந்து வில்லைப்போல் வளைந்தோடும் என்பதையும் அவரே காட்டினார் என்பர். அதனை இன்று மாசே என வழங்குவர். பின்னர்த் தம் அரிய ஆட்டங்களைப் படங்களுடன் தொகுத்து 1827இல் பாரிசில் ஒரு நூலாக வெளியிட்டார். பில்லியர்ட் மேசை செய்வதிற் பெயர்பெற்ற ஜான் தர்ஸ்டன் என்பவர் அதனை 1830இல் இலண்டனில் ஆங்கிலமாக்கி வெளிப்படுத்தினார். தாம் கண்டதை மறைத்து வைத்துத் தாமே வெற்றி பெறுதலினும், பிறர்க்குக் கற்பித்தலே சிறந்தது என்று மிங்கோ கொண்டமையை இது காட்டுகின்றது.

அவர் இட்ட வித்து பல துறைகளிற் கிளைத்தது. இங்கிலாந்தில் பாத் நகரத்து ஜாக் கார் என்பவர் 1820களில் தோல் முனையில் சாக் பூசிச் சுழற்சியை மிகுவித்தார். காற்றோட்டம் பூமியின் சுழற்சியால் விலகும் விளைவுக்குத் தம் பெயர் வழங்கப்பெற்ற கணித அறிஞராகிய கோரியோலி 1835இல் இவ்வாட்டத்தின் கணிதத்தைப் பற்றியே தனி நூல் எழுதினார். பந்தின் நடுவுக்கு மேல், அதன் ஆரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு உயரத்திற் கிடையாகத் தாக்கினால், பந்து சிறிதும் சறுக்காமல் முதற் கணத்திலேயே உருளும் என்பது இக்கணிதத்தின் முடிபு. சாக் பூசிய நல்ல தோல், நடுவினின்று ஆரத்தின் பாதியளவு வரை விலகித் தொட இடந்தரும். அதற்கு மேல் விலகினால் அதுவும் வழுக்கும். மர நுனியோடு கோல் நின்றிருந்தால் இக்கணிதம் ஏட்டளவாகவே நின்றிருக்கும்.

மிங்கோ 1847இல் ஒல்லாந்து தேசத்து ராட்டர்டாம் நகரில் உயிர் நீத்தார். அவர் மறைந்து முப்பத்தைந்து ஆண்டுகள் சென்றபின் அத்தோல் முனை நம் தமிழ்நாட்டில் ஒரு புதிய ஆட்டத்திற்குத் துணைசெய்தது. 1875இல் ஜபல்பூரிற் படைத்துறையாளர் நெவில் சேம்பர்லின் தொடங்கிய ஸ்னூக்கர் என்னும் ஆட்டத்தின் விதிகள் 1882இல் உதகமண்டலத்துச் சங்கத்திலேயே ஒழுங்குபெற்றன. ஒரு பந்தை வீழ்த்திய பின் வெள்ளைப் பந்தை அடுத்த பந்துக்கு ஏற்ற இடத்தில் நிறுத்துதலே அவ்வாட்டத்தின் உயிர். தோல் முனையின்றி அது கூடாது. 1958இல் கல்கத்தாவிலும் 1964இல் நியூசிலாந்திலும் பில்லியர்ட் உலகப் பட்டம் வென்ற வில்சன் ஜோன்சும், 1973இல் பம்பாயில் அப்பட்டத்தை வென்ற இலங்கை வீரர் லபீரும் மிங்கோவின் கண்டுபிடிப்பைக் கையிற் கொண்டே வென்றனர்.

இனி, இச்சரித்திரத்திற் பெரிதும் நினைக்கற்பாலது ஒன்றுண்டு. மிங்கோ அளித்த கொடை நிலைத்து நிற்பதன்று, தேய்ந்தொழிவது. ஆடுந்தோறும் தோல் தட்டையாகும், விளிம்பு பிதுங்கும், இறுதியிற் பூண் வெளிப்படும். ஆகவே ஒவ்வோர் ஆட்டக்காரனும் அவர் செய்ததைத் தன் கையாற் பலமுறை திரும்பச் செய்தல் வேண்டும். வீட்டிலேயே செய்தற்குரிய அம்முறை இது. பழைய தோலைக் கூரிய கத்தியாற் சீவி நீக்குக. பூணின் தலையில் ஒட்டியிருக்கும் பழம் பசையைச் சுரண்டி, உப்புத்தாளைத் தட்டையான பலகையில் வைத்து அதன்மேல் மெல்லத் தேய்த்துச் சமமாக்குக. புதிய வில்லையின் அடிப்புறத்தையும் அவ்வாறே தேய்த்துச் சொரசொரப்பாக்குக. பின்னர் இரண்டு முகத்திலும் பசையை மெல்லிதாகப் பூசி, நடு தவறாமல் வைத்து, அழுத்திப் பிடித்து, அசையாவண்ணம் இறுகக் கட்டி ஓரிரவு விட்டுவிடுக. பழந்தச்சர் இதற்கு வச்சிரம் கையாண்டனர். இக்காலத்தார் நொடியிற் பிடிக்கும் பசையைக் கையாளுகின்றனர். எதுவாயினும், எண்ணெய்ப் பிசுக்கோ தூசியோ இருப்பின் ஒட்டாது.

மறுநாள், கோலைத் தலைகீழாகப் பிடித்து, தோலைப் பலகையின்மேல் ஊன்றி, பூணுக்கு வெளியே பிதுங்கிய விளிம்பைக் கத்தியாற் சிறிது சிறிதாகச் சீவுக. பூணில் வெட்டு விழாதபடி காத்தல் வேண்டும். பின்பு மேற்புறத்தை உப்புத்தாளால் உருட்டுக. பைகளுள்ள சிறு மேசையின் கோலுக்கு, ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு எத்துணை வளைவோ அத்துணை போதும். ஸ்னூக்கர்க் கோலின் முனை இன்னுஞ் சிறியதாகலின் வளைவு மிகும். கடைசியில் விளிம்பைச் சிறிதே ஈரமாக்கி, ஒரு தோல் துண்டாற் பளபளக்குமாறு தேய்த்தால், விளிம்பு இறுகிப் பிதுங்காது. அவசரப்பட்டு உடனே ஆடுவோன் தோலை ஒருபுறம் சாயச் செய்வான்; பொறுத்தவன் பல திங்கள் பயன்பெறுவான்.

தோல் நமக்குப் புதிதன்று. செங்கற்பட்டு மாவட்டத்துக் குரோம்பேட்டை, குரோம் தோற்றொழிற்சாலையாற் பெயர் பெற்ற ஊரேயாகும். அவ்வாறிருந்தும், தோல் தேய்ந்த கோலை மூலையிற் சாத்திவிட்டுப் பிறர் கோலை இரவல் கேட்போரை நாம் காண்கின்றோம். அவர்கள் இழப்பது ஒரு மாலைப்பொழுதின் ஆட்டம் மட்டுமன்று. தன் கருவியைத் தானே செப்பஞ் செய்பவன், அது எங்கே வழுக்கும், எங்கே பற்றும் என்பதை உணர்வான்; அவ்வுணர்ச்சியே பின்னர் ஆட்டத்திற் கைத்திறமாக வெளிப்படும். தச்சனுக்கு உளியும், எழுதுவோனுக்குப் பேனாவும், மாணவனுக்கு அவன் புத்தகமும் அத்தகையனவே.

இளைஞர்காள்! மிங்கோ தம் கையைக் குறைகூறவில்லை, விதியையும் நொந்திலர். கையும் பந்தும் கூடும் இடம் எது என்று நோக்கி, அவ்விடத்தில் ஒரு தோல் வில்லையை வைத்தார். நம் முயற்சிகள் வழுக்குங்கால் நாமும் முதலில் நோக்கவேண்டிய இடம் அதுவே. அங்கே தேய்ந்திருப்பது சிறிதாயின், அதனை இன்றே, நம் கையாலேயே புதுப்பிப்போமாக.