மருத்துவர் பாரி

பறம்புமலைப் பாரியை நாம் அறிவோம். ஈண்டுக் கூறப்புகும் பாரி, அயர்லாந்து நாட்டின் கார்க் நகரில் ஏறத்தாழ 1789 ஆம் ஆண்டில் பிறந்த ஜேம்ஸ் பாரி ஆவார். பெற்றோர் பெண் மகவென்றே வளர்த்தனர். அன்று இட்ட பெயரை அவரே விட்டொழித்தமையின் யாமும் அதனை எழுதேம். 1809 இல் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் ஆடவராகப் புகுந்து, 1812 இல் மருத்துவப் பட்டம் பெற்று, ஆங்கிலேயப் படையில் மருத்துவராய் அமர்ந்தார்.

1816 முதல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் பணியாற்றினார். சிறையாளர், தொழுநோயாளர் ஆகியோர் துயர் களைய மேலதிகாரிகளோடு ஓயாது மோதினார், சினம் மிக்கவர்தாம்! மயக்க மருந்து வழக்கிற்கு வாராத 1826 இல், ஒரு தாயின் வயிற்றைக் கீறி மகவை எடுத்தார். தாயும் சேயும் பிழைத்தனர். அக்குழந்தைக்கு அவர் பெயரையே இட்டனர்.

தம் பிறப்புச் செய்தியை அவர் உலகறிய உரைத்திலர். உடுத்த ஆடையோடே தம்மை அடக்கம் செய்யுமாறு வேண்டியிருந்தார் என்பர். உலகிற்கு ஆடை அளிக்கும் திருப்பூர் மாணவர்க்கு அவ்வேண்டுகோளின் பொருள் எளிதில் விளங்கும். ஆயினும், 1865 சூலை 25 இல் அவர் இலண்டனில் மறைந்தபின், உடலைத் தூய்மை செய்த பெண் அச்செய்தியை வெளியிட்டாள். இறப்புச் சான்று அளித்த மருத்துவரை அதிகாரிகள் வினவினர். பாரி ஆணா பெண்ணா என ஆராய்வது தம் வேலையன்று என அவர் விடையிறுத்தார்.

நம் நாட்டில், தம் பால் இன்னதெனத் தாமே கூறும் உரிமையை 2014 இலும், அந்தரங்க உரிமையை 2017 இலும் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. இலண்டன் கென்சல் கிரீன் இடுகாட்டுக் கல்லில், பாரி தாமே கொண்ட பெயரும், மருத்துவமனைகளின் தலைமைக் கண்காணிப்பாளர் என்னும் பதவியும் பொறிக்கப்பட்டுள்ளன.