டாக்டர் லுண்ட்

உடல் நலம் நாடிச் சென்ற தேசத்திலே உலகம் அறியாத விலங்கொன்றை உலகிற்கு அறிவித்த பெரியார் ஒருவர் உளர். அவரே டென்மார்க்கு நாட்டினராகிய பீட்டர் வில்ஹெல்ம் லுண்ட் என்பார்.

இவர் 1801-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 14-ஆம் நாள் கோப்பன்ஹேகன் நகரிற் பிறந்தார். மருத்துவம் பயிலப் புகுந்த இவருடைய உள்ளம் இயற்கை நூலின்பாற் சென்றது. க்ஷயரோகம் தம்மையும் பற்றுமோ என்றஞ்சி 1825-இல் வெப்ப நாடாகிய பிரேசிலுக்குக் கப்பலேறினார். 1829-இல் ஐரோப்பாவிற்குத் திரும்பிப் பாரிஸ் நகரிற் குவியே என்னும் பேரறிஞரைக் கண்டார். பண்டை விலங்குகள் பேரழிவுகளால் அடியோடு மாண்டன என்பதும், மனிதன் அவற்றின் பின்னரே தோன்றினான் என்பதும் குவியேயின் கொள்கைகள். அவற்றை லுண்ட் தலைமேற்கொண்டார்.

1833-இல் மீண்டும் பிரேசில் சென்றவர் பின்னர்த் தாயகம் மீண்டிலர். மீனாஸ் ஜெராய்ஸ் மாகாணத்துச் சுண்ணாம்புக் கற்குகைகளில் வெடியுப்பிற்காகத் தோண்டிய மண்ணிலே பழைய எலும்புகள் மலிந்திருந்தன. அவற்றைக் கண்ட லுண்ட், 1835-இல் லாகோவா சாந்தா என்னும் சிற்றூரிற் குடிபுகுந்தார்; எண்ணூற்றுக்கு மேற்பட்ட குகைகளைத் துருவி ஆராய்ந்தார். கண்டெடுத்தவற்றை நார்வே நாட்டு ஓவியராகிய பிராண்ட் என்பவர் வரைந்து உதவினார்.

1839-இல் அவருக்குக் கிடைத்த சில பற்களைக் கழுதைப்புலியின் பற்கள் என்றே அவர் எழுதினார். பின்னர்க் கோரைப்பல்லும் பாத எலும்புகளும் கிடைக்கவே, தம் பிழையைத் தாமே திருத்தி, 1842-இல் அவ்விலங்கிற்கு ஸ்மைலோடன் எனப் பெயரிட்டார். கத்தி போன்ற பல்லையுடையது என்பது அதன் பொருள். பூனைக் குலத்தைச் சார்ந்த இக்கொடுவிலங்கின் கோரைப்பல், வேரோடு 28 சென்டிமீட்டர் வரை நீண்டது. ஏறத்தாழ 10,000 ஆண்டுகட்கு முன் இவ்வினம் அற்றுப்போயிற்று.

1843-இல் சுமிதோரோ ஏரிக்கரைக் குகையிலே பெருஞ்சோதனை நேர்ந்தது. மாண்டொழிந்த விலங்குகளின் எலும்புகளோடு மனித எலும்புகளும் கலந்து கிடந்தன. குருவின் கொள்கையோ ஒருபுறம். கண்ட காட்சியோ மறுபுறம். லுண்ட் உண்மையை மறைத்தாரல்லர். கண்டதைக் கண்டவாறே எழுதியனுப்பினார். ஆயினும் துணிந்து முடிவுகூற அவர் மனம் தயங்கிற்று. 1845-ஆம் ஆண்டளவில் அகழ்வதை விடுத்துத் தாம் திரட்டியன யாவற்றையும் டென்மார்க்கு மன்னருக்குக் காணிக்கையாக அனுப்பிவிட்டார். பொருட்குறைவென்றும், உடற்சோர்வென்றும், உளக்கலக்கமென்றும் பலர் பலவாறு காரணம் உரைப்பர்.

அதன் பின்னர் முப்பத்தைந்து ஆண்டுகள் அச்சிற்றூரிலேயே அமைதியாக வாழ்ந்து, 1880-ஆம் ஆண்டு மே திங்கள் 25-ஆம் நாள் காலமானார். தாம் விலைக்கு வாங்கிய நிலத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றார். 1970-களில் அவ்வட்டாரத்திற் கிடைத்த பெண்ணொருத்தியின் மண்டையோடு 11,000 ஆண்டுகட்கு முற்பட்டதென ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். அம்மக்களும் அவ்விலங்குகளும் ஒரே காலத்தவராதல் கூடும் என்பது இதனாற் புலனாயிற்று.

முடிவு கூறுதல் சிலர்க்கே வாய்க்கும். கண்டதை மறையாது கூறுதலோ நம் அனைவர்க்கும் கடனாகும். அக்கடனை லுண்ட் குறைவறச் செலுத்தினார்.