பட்டியலில் பேர் வந்தவர்: பல்வங்கர் பாலு



குறுவட்டப் போட்டி வந்துட்டா நம்ம நோட்டீஸ் போர்டு முன்னாடி ஒரே கூட்டம்தான். பி.டி. சார் ஒட்டுற பட்டியலில் நம்ம பேர் இருக்கான்னு ஒருத்தர் தோள் மேல ஒருத்தர் எட்டிப் பார்ப்போம். பேர் இருந்தா துள்ளிக் குதிப்போம். இல்லைன்னா அன்னைக்குச் சோறு இறங்காது.

பள்ளி அணிக்கே இப்படின்னா, நாட்டு அணிக்கு எப்படி இருக்கும்? திறமையை மட்டும் பார்த்துத்தான் எடுப்பாங்களா? இந்தக் கேள்விக்கு ஒருவருடைய வாழ்க்கையே பதில் சொல்கிறது. அவர்தான் இந்தியாவின் முதல் பெரிய சுழற்பந்து வீச்சாளர் பல்வங்கர் பாலு.

மூன்று ரூபாய் சம்பளம்

பாலு 1876-ல் தார்வாடில் பிறந்தார். இன்று அந்த ஊர் கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது. தோல் வேலை செய்யும் சமூகத்தைச் சேர்ந்த குடும்பம். அந்தக் காலத்தில் அவர்களைத் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அப்பாவுக்குப் புனாவில் ராணுவத்தில் வேலை. வெள்ளைக்கார சிப்பாய்கள் போட்டுவிட்டுப் போன பழைய மட்டையும் பந்தும்தான் பாலுவுக்கும் தம்பி சிவராமுக்கும் விளையாட்டுச் சாமான்.

பாலுவின் முதல் வேலை, பார்சிக்காரர்களின் கிரிக்கெட் கிளப்பில். ஆடுகளத்தைக் கூட்டணும், உருளை இழுக்கணும். மாதச் சம்பளம் 3 ரூபாய். 1892-ல் வெள்ளைக்காரர்களின் புனா கிளப்புக்கு வந்தார். சம்பளம் 4 ரூபாய் ஆனது. வலை கட்டுவது, கோடு போடுவது, அப்புறம் துரைமார் பயிற்சி எடுக்கும்போது பந்து போடுவது. இவ்வளவும் ஒரே ஆள் செய்யணும்!

கிரெய்க் என்று ஒரு பெரிய ஆட்டக்காரர் அங்கே இருந்தார். தன்னை அவுட் ஆக்கும் ஒவ்வொரு தடவையும் பாலுவுக்கு எட்டணா கொடுப்பாராம். நம்ம மலைக்கு 365 படி. தினமும் ஏறி இறங்குறவங்களுக்கு மூச்சே வாங்காது இல்லையா? அதே மாதிரிதான், நாள் தவறாமல் போட்டுப் போட்டு பாலுவின் இடதுகைக்கு எல்லா வித்தையும் வந்துவிட்டது. ஆனால் ஒன்று. பந்து போட மட்டும்தான் கூப்பிட்டார்கள். மட்டையை ஒருநாளும் அவர் கையில் கொடுக்கவில்லை.

சேர்ப்பதா, வேண்டாமா?

புனாவில் இந்துக்களுக்கும் ஒரு கிளப் இருந்தது. வெள்ளைக்காரர்களைத் தோற்கடிக்கணும்னு அவர்களுக்கு ரொம்ப ஆசை. வெள்ளைக்காரர்களையே திணறடிக்கும் பாலு பக்கத்திலேயே இருக்கிறார். அவரைச் சேர்க்கலாமா என்று கிளப்புக்குள்ளே பெரிய தகராறு. சிலர் சரி என்றார்கள். உயர்சாதியார் பலர் கூடவே கூடாது என்றார்கள். கடைசியில் ஜெயிக்கணும் என்ற ஆசைதான் வென்றது. பாலு அணிக்குள் வந்தார்.

எப்படி வந்தார் தெரியுமா? மைதானத்தில் எல்லாரும் ஒரே பந்தைத்தான் தொட்டார்கள். ஆனால் தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் குடிப்பார்கள். பாலுவுக்கு வெளியே, தூக்கி எறியும் மண் குவளையில். சாப்பாடும் தனி இடத்தில், தனித் தட்டில். விக்கெட் எடுக்கும் கை வேணும், அந்தக் கை தொட்ட குவளை வேணாம்! இதைப் படிக்கும்போதே நமக்கு மனசு வலிக்கிறது. பாலு எத்தனை நாள் தாங்கியிருப்பார்!

பாலுவின் பந்துவீச்சால் புனா அணி வெற்றி மேல் வெற்றி பெற்றது. நீதிபதி ரானடே அப்போது ஒரு நியாயம் கேட்டார். பாலுவோடு சேர்ந்து விளையாட முடிகிறவர்கள் சேர்ந்து சாப்பிடவும் வேண்டும் என்றார்.

1896-ல் பிளேக் நோய் வந்தது. பாலு பம்பாய்க்குப் போனார். அங்கே ரயில்வேயில் வேலை கிடைத்தது. பம்பாய் இந்துக்கள் அணியிலும் இடம் கிடைத்தது. இங்கே எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார். 1906-ல் இந்துக்கள் அணி வெள்ளைக்காரர் அணியை 109 ரன்னில் வென்றது. அடுத்த வருஷம் 238 ரன்னில்! இரண்டிலும் பாலுவின் பங்கு பெரியது.

முதல் இந்திய அணி

இந்திய அணி ஒன்றை இங்கிலாந்துக்கு அனுப்ப 1903-லேயே முயற்சி நடந்தது. எந்த மதத்துக்கு எத்தனை இடம் என்ற சண்டையில் அது நின்றுபோனது. ஆமாம், அன்றைக்கு அணிகளே மதவாரியாகத்தான் இருந்தன. 1911-ல் ஒருவழியாக அணி கிளம்பியது. அப்போதும் பார்சிகளுக்கு 6, இந்துக்களுக்கு 5, முஸ்லிம்களுக்கு 3 என்று இடத்தைப் பங்கு போட்டுத்தான் ஆட்களை எடுத்தார்கள். தலைவர் யார்? பாட்டியாலா மன்னர் பூபிந்தர் சிங். வயது 19. ராஜா என்பதால் தலைவர். ஆனால் அவர் ஆடியதோ சில ஆட்டங்கள்தான்.

பாலுவுக்கு அப்போது வயது சுமார் 35. தோள்வலி வேறு. தம்பி சிவராமும் அணியில் இருந்தார். இந்தியா மொத்தம் 23 ஆட்டம் ஆடி 6-ல் மட்டுமே ஜெயித்தது. ஆனால் பாலு மட்டும் 114 விக்கெட் எடுத்தார்! லெஸ்டர்ஷயர் அணியை வென்ற ஆட்டத்தில் மட்டும் 11 விக்கெட். உருளை இழுத்த பையன் இங்கிலாந்து பத்திரிகைகள் புகழும் ஆள் ஆகிவிட்டார். ஊர் திரும்பியதும் ஒடுக்கப்பட்ட மக்கள் திரண்டு பாராட்டு விழா எடுத்தார்கள். அப்போது மாணவராக இருந்த அம்பேத்கருக்கும் பாலு மேல் பெரிய மதிப்பு.

இன்னொரு கதவு

இதோடு கதை முடியவில்லை. பட்டியலில் பேர் வருவது ஒன்று. பட்டியலின் தலைப்பில் பேர் வருவது வேறு. பாலுவை விட அனுபவம் உள்ளவர் அணியில் யாரும் இல்லை. ஆனாலும் வருஷா வருஷம் தலைவர் பதவி வேறு ஒருவருக்கே போனது. 1913-ல் தலைவரான பை என்பவரே, இந்தப் பெருமை பாலுவுக்குச் சேர வேண்டியது என்று சபையில் சொன்னார். தேர்வுக் குழு காதில் ஏறவில்லை.

1920-ல் பாலுவை அணியிலிருந்தே நீக்கினார்கள். அப்போது தம்பிகள் விட்டலும் சிவராமும் ஒரு காரியம் செய்தார்கள். இருவரும் நல்ல ஆட்டக்காரர்கள். அணிக்கு இருவருமே தேவை. ஆனாலும், அண்ணனுக்கு நடந்தது சாதியால் நடந்த அநியாயம் என்று வெளிப்படையாக எழுதிக் கொடுத்துவிட்டு ஆட வரமாட்டோம் என்று விலகிக்கொண்டார்கள். ஊரே பேசியது. வேறு வழியில்லாமல் அடுத்த ஆட்டத்துக்குப் பாலுவை மறுபடி எடுத்துத் துணைத் தலைவர் ஆக்கினார்கள். ஆட்டத்தின் நடுவில் தலைவர் பை மைதானத்தை விட்டு வெளியே போய், கொஞ்ச நேரம் பாலு அணியை நடத்தும்படி செய்தார். பாலுவுக்குக் கிடைத்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

1923-ல் தம்பி விட்டல் இந்துக்கள் அணியின் தலைவர் ஆனார். கோப்பையையும் வென்றார். அண்ணனுக்குக் கிடைக்காத இடம் தம்பிக்குக் கிடைத்தது.

பிற்காலம்

பாலு பிறகு பொது வாழ்க்கைக்கு வந்தார். 1932-ல் காந்தியடிகள் உண்ணாவிரதம் இருந்தபோது, நம்ம சென்னையைச் சேர்ந்த எம்.சி. ராஜாவும் பாலுவும் அம்பேத்கரிடம் பேசிச் சமரசத்துக்கு உதவினார்கள். அதுதான் பூனா ஒப்பந்தம். 1937 தேர்தலில் பம்பாயில் காங்கிரஸ் சார்பில் அம்பேத்கரையே எதிர்த்து நின்றார். அம்பேத்கருக்கு 13,245 ஓட்டு, பாலுவுக்கு 11,225 ஓட்டு. ஒரே மக்களுக்காக நின்ற இருவர் எதிரெதிரே நிற்க நேர்ந்தது. 1955 ஜூலை 4 அன்று பாலு மறைந்தார்.

உங்களுக்குத் தெரியுமா?

★ பாலு ஆடிய முதல்தர ஆட்டங்கள் 33. எடுத்த விக்கெட் 179.

★ பாலு, சிவராம், கண்பத், விட்டல் – அண்ணன் தம்பி நான்கு பேருமே கிரிக்கெட் வீரர்கள்.

★ இந்தியா முதல் டெஸ்ட் ஆடியது 1932-ல், லார்ட்ஸ் மைதானத்தில். அந்தப் பயணத்துக்கும் போர்பந்தர் மன்னரைத்தான் தலைவர் ஆக்கினார்கள். ஆனால் அவர் பெருந்தன்மையாக ஒதுங்கிக்கொள்ள, டெஸ்டில் அணியை நடத்தியவர் சி.கே. நாயுடு.

சிந்திப்போம்

நண்பர்களே, நாமும் தினமும் டீம் பிரிக்கிறோம். பிரேக் நேரத்தில் இரண்டு பேர் நின்று ஆள் எடுக்கிறோம். முதலில் யாரைக் கூப்பிடுகிறோம்? நம்ம தெருப் பையனையா, நம்ம கூடச் சாப்பிடுறவனையா, இல்லை நல்லா ஆடுறவனையா? ஓரமாக நின்று பந்து பொறுக்கிப் போடும் பையனுக்கு ஒரு ஓவராவது கொடுத்துப் பார்த்திருக்கிறோமா?

பாலுவுக்குத் திறமை இருந்தது, அணிக்குள் வந்தார். ஆனால் அவருக்கு அநியாயம் நடந்தபோது தம்பிகள் ஆடமாட்டோம் என்று சொன்ன பிறகுதான் கொஞ்சமாவது நியாயம் கிடைத்தது. அடுத்த தடவை பட்டியல் ஒட்டும்போது நம்ம பேர் இருக்கான்னு பார்ப்போம். இருக்க வேண்டிய பேர் ஏதாவது விட்டுப் போச்சான்னும் பார்ப்போம். விட்டுப் போயிருந்தால் சாரிடம் போய்ச் சொல்வோம்.

– ஆக்கம்: விளையாட்டு மன்றம், 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு