ஜாக்கி ராபின்சன்: பொறுமைசாலி என்று புகழப்பட்ட சினக்காரர்

ஜாக்கி ராபின்சன் என்றவுடன் அமெரிக்கா அவருடைய பொறுமையைத்தான் போற்றும். வசைகளைக் கேட்டுக்கொண்டும், உடலைக் குறிவைத்து எறியப்பட்ட பந்துகளைத் தாங்கிக்கொண்டும் வாய் திறவாமல் பேஸ்பால் ஆடியவர் என்பது அங்கே பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த கதை. அந்த மௌனம் வேலைக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை என்பதையும் சேர்த்தே அவர் வாழ்வைப் படிக்க வேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

1919இல் ஜார்ஜியாவின் கெய்ரோ என்னும் ஊரில், பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்ட குடும்பத்தில் பிறந்தார். தந்தை பிரிந்து சென்றபின், தாய் மாலி ஐந்து குழந்தைகளுடன் கலிபோர்னியாவின் பாசடீனாவுக்குக் குடிபெயர்ந்து, வீட்டுவேலை செய்து அவர்களை வளர்த்தார். அண்ணன் மேக், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் ஜெஸ்ஸி ஓவன்சுக்கு அடுத்து வந்து வெள்ளிப் பதக்கம் வென்றவர். ஊர் திரும்பிய அவருக்குக் கிடைத்தது தெருக்கூட்டும் வேலை. இதற்கு நம் வாசகர்களிடம் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

1944இல் டெக்சாஸின் ஹூட் முகாமில் ராபின்சன் இராணுவ அதிகாரியாக இருந்தார். பேருந்தின் பின்பகுதிக்குப் போகும்படி ஓட்டுநர் சொன்னபோது மறுத்தார். இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, விடுதலையானார். ரோசா பார்க்ஸின் மறுப்புக்குப் 11 ஆண்டுகள் முன்பு நடந்தது இது.

1884க்குப் பிறகு பெரும் லீக்குகளில் கறுப்பினத்தவர் எவரும் ஆடவில்லை. எழுதிய விதி எதுவும் இருக்கவில்லை. உரிமையாளர்களுக்குள் நிலவிய உடன்பாடே போதுமானதாயிருந்தது. எழுதப்படாத விதியை எந்த நீதிமன்றத்தில் எதிர்ப்பது? வெண்டெல் ஸ்மித் போன்ற கறுப்பினப் பத்திரிகையாளர்கள் ஆண்டுக்கணக்கில் எழுதினார்கள். பாடகர் பால் ராப்சன் 1943இல் அணி உரிமையாளர்களின் கூட்டத்துக்கே சென்று கதவைத் திறக்கும்படி வாதாடினார். புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கியின் பெருந்தன்மை என்று பேசப்படுவதற்கு முன்னால் இத்தனை பேரின் உழைப்பு இருக்கிறது.

1945 ஆகஸ்டில் ரிக்கி அவரை அழைத்துப் பேசினார். என்ன இழிவு நேர்ந்தாலும் திருப்பித் தாக்கக் கூடாது, பதில் பேசக் கூடாது என்பது நிபந்தனை. அப்போது ராபின்சன் கான்சாஸ் சிட்டி மொனார்க்ஸ் என்னும் நீக்ரோ லீக் அணியில் ஆடிக்கொண்டிருந்தார். அந்த அணிக்கு ரிக்கி ஒரு டாலர்கூட இழப்பீடு தரவில்லை.

1947 ஏப்ரல் 15 அன்று, 28ஆம் வயதில், டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கினார். அவருடன் ஆட மாட்டோம் என்று சக வீரர்கள் சிலரே அதற்குமுன் மனு எழுத முயன்றிருந்தனர். அந்த ஆண்டின் சிறந்த புதுமுக வீரர் விருது அவருக்கே கிடைத்தது. 1949இல் வாய்ப்பூட்டு அகன்றது. நடுவர்களோடு வாதிட்டார், வசைக்குப் பதில் சொன்னார். அவ்வாண்டே .342 என்னும் மட்டையடிச் சராசரியோடு லீக்கின் மிகச்சிறந்த வீரரானார்.

அதே ஆண்டில் ஒரு சறுக்கலும் நிகழ்ந்தது. அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் ராப்சனின் கருத்துகளை மறுத்துச் சாட்சியம் அளித்தார். தமக்காகக் கதவைத் தட்டியவருக்கு எதிராகத் தாம் பயன்படுத்தப்பட்டதை எண்ணிப் பிற்காலத்தில் வருந்தினார். இதை மறைத்து அவரைப் புகழ வேண்டியதில்லை.

அவர் ஆடிய 10 பருவங்களில் டாட்ஜர்ஸ் 6 முறை லீக் பட்டம் வென்றது. 1955இல் முதன்முறையாக உலகத் தொடரையும் வென்றது. மறுபுறம், கறுப்பின ரசிகர்கள் அவர் பின்னால் செல்ல, நீக்ரோ லீக்குகளின் அரங்குகள் காலியாயின. 1948உடன் நீக்ரோ நேஷனல் லீக் மூடப்பட்டது. பெரும் லீக்குகள் அங்கிருந்த ஆட்டக்காரர்களை எடுத்துக்கொண்டன. அங்கே அணிகளை நடத்திய கறுப்பின மேலாளர்களுக்கும் உரிமையாளர்களுக்கும் அதே பொறுப்புகளில் இடம் தரவில்லை. களத்தில் ஓடலாம், ஆணையிடும் இடத்தில் அமர முடியாது.

ராபின்சன் இதை மறக்கவில்லை. 1972 அக்டோபர் 15 அன்று சின்சினாட்டியில் நடந்த உலகத் தொடர் ஆட்டத்தில் அவரைச் சிறப்பித்தார்கள். நீரிழிவால் பார்வை ஏறக்குறைய மங்கிவிட்டிருந்தது. நன்றி கூறிய கையோடு, களத்தில் அணியை நடத்தும் மேலாளராகக் கறுப்பினத்தவர் ஒருவரைக் காண விரும்புவதாகவும் சொன்னார். 9 நாள்கள் கழித்து, 53ஆம் வயதில் இறந்தார். 1975 ஏப்ரலில் ஃபிராங்க் ராபின்சன் கிளீவ்லாந்து அணியின் மேலாளராகக் களம் புகுந்தபோது, அவர் மறைந்து இரண்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன.