மணி அடித்த பிறகு வகுப்புக்குள் போனவர்

கூரத்தில் இருந்து காஞ்சிபுரத்துக்குக் கல்லூரிக்குப் போய்வரும் நம் பிள்ளைகளில் ஒருவன், மாலையில் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி வயல் வரப்பில் நடந்து வீட்டுக்கு வருகிறான். காரணம் கேட்டால் சிரிக்கிறான். கூடப் படிப்பவர்களுக்குத் தன் தெரு தெரியக்கூடாது என்பதுதான் காரணம். அவனைப் போல் நடந்த இன்னொரு மாணவரின் கதையை அவனுக்காகவே இங்கே எழுதுகிறேன்.

அவர் இரட்டைமலை சீனிவாசன். 1860 வாக்கில் மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்தார். அந்தக் காலத்துச் செங்கல்பட்டு ஜில்லாவில் நம் காஞ்சிபுரமும் அடக்கம். ஆகவே நம் மண்ணின் பிள்ளை என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. சாதிக் கொடுமை தாங்காமல் குடும்பம் தஞ்சைப் பக்கம் போயிற்று. அவர் கோயம்புத்தூரில் படித்தபோது அங்கே மாணவர் ஏறக்குறைய 400 பேர். அதில் பத்துப் பேர் போக மற்றவரெல்லாம் பிராமணர். தன் சாதியும் வீடும் தெரிந்துவிடுமோ என்று பயந்து, மணி அடிக்கும்வரை வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். வகுப்பு முடிந்ததும் யாரும் தொடரமுடியாத வேகத்தில் வீடு போய்ச் சேருவார். விளையாட்டுக் கிடையாது, சிநேகிதம் கிடையாது. இந்த நெருக்கடியிலிருந்து மீள்வது எப்படி என்ற யோசனை அந்த வயதிலேயே தொடங்கிவிட்டதாக அவரே தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார்.

தான் மட்டும் மீள்வது அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்காது. படிப்பு இருந்தது, நீலகிரியில் ஆங்கிலேய வியாபார நிறுவனத்தில் கணக்கர் வேலையும் கிடைத்தது. ஏறக்குறைய பத்து ஆண்டுகள் அங்கே இருந்தார். சாதியை மறைத்துக்கொண்டு அப்படியே காலம் தள்ளியிருக்கலாம். ஆனால் 1890-இல் சென்னைக்கு வந்தார். உடனே மேடை ஏறவில்லை. மூன்று ஆண்டுகள் தம் மக்களின் பழைய வரலாற்றையும் நிலைமையையும் தேடித் திரட்டினார். இந்த மூன்று ஆண்டுகளைத்தான் படிக்கும் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். போட்டித் தேர்வில் ஒருமுறை தவறினாலே ஒடிந்துபோகிறோம். அவரோ ஆயத்தத்துக்கே அவ்வளவு காலம் ஒதுக்கினார்.

1893 அக்டோபரில் நாலு பக்கத்தில் ஒரு மாத இதழ் வெளிவந்தது. விலை இரண்டு அணா. விளம்பரத்துக்கும் அச்சுக்கும் சேர்த்துச் செலவு சுமார் பத்து ரூபாய்தான். பெயர் ‘பறையன்’. எந்தப் பெயர் வெளியே தெரியக்கூடாது என்று கோவையில் ஓடி ஓடி வீடு சேர்ந்தாரோ, அதையே இதழின் தலைப்பில் அச்சடித்தார். சென்னையில் இரண்டே நாளில் 400 பிரதிகள் விற்றன. மூன்று மாதத்தில் வார இதழாயிற்று. பிறகு சொந்த அச்சுக்கூடமும் வந்தது. அவருடைய தங்கையை மணந்த அயோத்திதாசப் பண்டிதருக்கு அந்தப் பெயரே பிடிக்காது. உறவுக்குள்ளேயே இருந்த அந்தக் கருத்து வேறுபாடு இன்றைக்கும் நம் தெருக்களில் தொடர்வது நமக்குத் தெரியும். வாசகர் கடிதம் ஒன்றை வெளியிட்டதற்காக 1896-இல் வழக்குப் போட்டு, நூறு ரூபாய் அபராதம் விதித்தார்கள். இதழ் நிற்கவில்லை, ஏழு ஆண்டுகள் நடந்தது.

அதே 1893 டிசம்பரில் இன்னொன்றும் செய்தார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுக்கொண்டிருந்தது. அப்படி நடத்தினால் ஆதிக்க சாதியாரே அதிகாரிகளாகி நம்மை மேலும் நசுக்குவார்கள் என்று எதிர்த்து, 3412 பேரின் கையொப்பத்துடன் 112 அடி நீள மனுவை லண்டன் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்.

1900-இல் லண்டன் போகப் புறப்பட்டவர் தென்னாப்பிரிக்காவில் தங்கிவிட்டார். அங்கே நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை. இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்தக் காலத்தை வீணான காலம் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. ஆனால் போராட்டத்துக்கு அது பெரிய இடைவெளிதான். அதை மறைத்து எழுதுவதும் சரியல்ல.

திரும்பி வந்தபோது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. 1923-இல் சென்னை மாகாணச் சட்டசபையில் நியமன உறுப்பினரானார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் எதிலும் எந்தச் சாதியாரும் தடையின்றிப் புழங்கலாம் என்ற தீர்மானத்தை 1924 ஆகஸ்ட் 22-இல் கொண்டுவந்தார். அது நிறைவேறி, செப்டம்பர் 25-இல் அரசாணையாகவும் வந்தது. தெருவில் நடக்க ஓர் ஆணை வேண்டியிருந்த நாடு இது. வகுப்பு முடிந்து வேகமாக நடந்த அந்தப் பையனுக்கும் இந்த ஆணைக்கும் நடுவே ஏறக்குறைய நாற்பத்தைந்து ஆண்டுகள்.

1930, 1931 வட்டமேசை மாநாடுகளுக்கு அண்ணல் அம்பேத்கருடன் லண்டன் சென்றார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தீண்டாமை என்றால் என்னவென்று கேட்க, தெருவில் விழுந்து கிடப்பவனைக்கூடத் தொட்டுத் தூக்கமாட்டார்கள் என்று விளக்கியிருக்கிறார். 1932 புனா ஒப்பந்தத்தில் அவர் கையொப்பமும் உண்டு. ஆனால் அம்பேத்கர் சொன்னதையெல்லாம் ஏற்றவரல்ல. மதம் மாறுவது பற்றி அம்பேத்கர் அறிவித்தபோது, நாம் இந்து மதத்துக்கு வெளியேதான் இருக்கிறோம், பிறகு எதை விட்டு வெளியேறுவது என்று மாறுபட்டார். 1945 செப்டம்பர் 18-இல் காலமானார்.

இதையெல்லாம் அந்தப் பையனிடம் போன வாரம் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுமுடித்து, கோழியாளத்துக்கு எந்தப் பேருந்தில் போகவேண்டும் அண்ணா என்றான். மதுராந்தகம் போய் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.